துணைக்கேள்வி

லுசாகாவில் வியாழக்கிழமை, மதியம் இரண்டரை.
மணி அடித்து ஓய்கிறது.
அவைக்குறிப்பு எழுதும் மேசையில்
ஹெட்போனை மாட்டிக்கொள்கிறேன்.
பத்து நிமிடம் என் முறை,
பிறகு முட்டிந்தா வந்து உட்காருவாள்.
பதினாறு வருடமாக இந்த நாட்டைப்
பத்துப் பத்து நிமிடமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

கேள்வி எண் நூற்றுப் பன்னிரண்டு.
கேட்பவர் நமாகாவ் சிட்வாலா.
மேற்கே வெகுதூரத்தில்,
ஆறு பெருகினால் ஏரியாகிவிடும் ஒரு தொகுதியின் உறுப்பினர்.
லிஷேகோ துறையில் மிதவை எப்போது நின்றது?
ஏன் நின்றது?
எப்போது ஓடும்?
அச்சில் மூன்றே வரி.
அதற்குள் இருபத்தொரு நாள் காத்திருப்பு,
இரண்டு முறை அலுவலகம் திருத்திய இலக்கணம்,
'ஏன் இன்னும்' என்றிருந்ததில்
சிவப்பு மையால் அடிபட்ட 'இன்னும்'.

அமைச்சர் சிமுசண்டு எழுந்தார்.
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.
அரசுக்கு இதில் மிகுந்த அக்கறை உண்டு என்றார்.
நிதி வந்ததும் என்றார்.
அடுத்த காலாண்டு என்றார்.
என் விரல்கள் அவரை முந்திக்கொண்டு முடித்துவிட்டன.
இந்த வாக்கியங்களுக்கெல்லாம்
எங்கள் கணினியில் ஒற்றை விசை உண்டு.
எஃப் ஆறு, அக்கறை.
எஃப் ஏழு, நிதி.

"துணைக்கேள்வி.
அமைச்சர் அந்தக் கம்பிவடத்தைப் பார்த்திருக்கிறாரா?"
கேட்டுக்கொண்டே கைப்பைக்குள்ளிருந்து எடுத்தார்
ஒரு முழத் துண்டு.
புரி பிரிந்து, நுனி விளக்குமாறுபோல் விரிந்து,
கறுத்த மசகு சொட்டாமல் தொங்கியது.

அவையில் பொருள்களைக் காட்ட
விதி இடம்தராது என்றார் அவைத்தலைவர்.
அவைக்காவலர் சகாலா நடந்து வந்து
வெள்ளைக் கையுறையோடு இரண்டு கையாலும்
சூடான சட்டியை வாங்குவதுபோல் வாங்கிப் போனார்.

"அப்படியானால் வார்த்தையில் சொல்கிறேன்.
வார்த்தைக்கு விதி உண்டுதானே?"
(சிரிப்பு) என்று தட்டினேன்.

"முப்பத்தாறு இழை, மாண்புமிகு தலைவரே.
இருபத்தொன்பது முன்பே அறுந்தவை.
மீதி ஏழை நம்பி மார்ச் நான்காம் தேதி ஏறியது
ஒரு லாரி, பதினான்கு பேர்,
தடுப்பூசிப் பெட்டி இரண்டு,
இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த ஓர் ஆடு.
வடம் தாங்கியது.
ஐந்தாம் தேதி விடியற்காலை,
யாருமே இல்லாதபோது அறுந்தது.
ஒருவரும் சாகவில்லை.
அதனால் பத்திரிகையில் வரவில்லை.
அதனால்தான் இங்கே கேட்கிறேன்.
ஏழு இழை போதும் என்று
கையெழுத்துப் போட்டது யார்?"

அமைச்சர் எழுந்தார்.
பொத்தானில் போன கை அங்கேயே நின்றது.
அதிகாரிகள் வரிசையில் ஒரு காகிதம்
கைமாறிக் கைமாறிக் கடைசியில்
முதல் ஆளிடமே திரும்பி வந்தது.
ஒலிப்பதிவின் எண் ஓடிக்கொண்டிருந்தது.
பதினொரு விநாடி.
ஆரவாரம் என்று எழுதலாம்,
குறுக்கீடு என்று எழுதலாம்,
இதற்கு எங்களிடம் விசை இல்லை.

முட்டிந்தா என் தோளைத் தட்டினாள்.
என் பத்து நிமிடம் முடிந்தது.
பதில் அவளுடைய பங்கு.

வெளித் தாழ்வாரத்துக் குழாயடியில்
சகாலா கையுறைக்கு சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.
"போகவே மாட்டேங்குது" என்றார்,
என்னிடமா தண்ணீரிடமா தெரியவில்லை.

மறுநாள் மெய்ப்பு வந்தது.
என் கடைசி வரி, கேள்வி.
அவளுடைய முதல் வரி:
"அந்தத் தகவல் என்னிடம் இல்லை."
ஒற்றை விசையில் வராத வாக்கியம்.
எழுத்தெழுத்தாய்த் தட்டியிருக்கிறாள்,
'தகவல்' ஓரிடத்தில் 'தவகல்' என்றிருந்தது.
அதைத் திருத்தினேன்.

பிறகு இரண்டு வரிக்கும் நடுவே
ஒரு வரியைக் காலியாக விட்டேன்.

யாராவது கேட்டால் பக்க அமைப்பு என்பேன்.
இதுவரை யாரும் கேட்கவில்லை.